குரோம்புக்கில் கிராஃபிங் கால்குலேட்டர்

சிட்னி வில்லாவுட்டில் உங்கள் பிள்ளையின் கையில் இருப்பது குரோம்புக்கா? கால்குலேட்டரை இணைக்க விண்டோஸ் மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். கால்குலேட்டர் டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் 2 என்றால், குரோம் உலாவியில் ‘என்ஸ்பயர் சிஎக்ஸ் 2 கனெக்ட்’ தளத்தைத் திறந்தே கோப்புகளை அனுப்பலாம். பழைய சிஎக்ஸுக்கு இது உதவாது. கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 இன்னும் சுலபம். கேபிளைச் செருகி, கால்குலேட்டரில் எஃப்1 அழுத்தினால் பென்டிரைவ் போலத் தெரியும். ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

எதுவும் தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மினி யூஎஸ்பி கேபிளில் கோப்பு போகாது.

வாங்கும் முன் ஒன்று: ஹெச்எஸ்சி கணிதத் தேர்வுக்கு நெசா (நியூ சவுத் வேல்ஸ் கல்வித் தர ஆணையம்) ஒப்புதல் பெற்ற கால்குலேட்டர்தான் செல்லும். மெல்பேர்னில் இருக்கும் அக்கா மகன் விக்டோரியாவின் விசிஇ தேர்வுக்கு வைத்திருந்த சிஏஎஸ் (இயற்கணிதம் செய்யும்) கருவியை நம்பி இங்கே தேர்வறைக்குப் போக முடியாது.