பதிப்பு வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பழைய வீணை, ஊஞ்சல் பலகை, நகைப்பெட்டி என்று, மரத்தில் பதித்த பூவேலை உதிர்ந்த சாமான்கள் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைச் செப்பனிடக் கற்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

1. முதலில் உளி தீட்டப் பழகுங்கள். மழுங்கிய உளி நாரைப் பிய்க்கும். பிய்ந்த ஓரத்தை எந்தப் பாலிஷும் மறைக்காது.

2. பதிக்க வேண்டிய பூவை முதலில் அறுங்கள், மரத்தில் குழியைப் பிறகு தோண்டுங்கள். அறுத்த துண்டை மரத்தின் மேல் வைத்துக் கத்தி முனையால் கோடு கீறுங்கள். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு, அந்தத் தடிமனே பின்னால் சந்தாகத் தெரியும். நடுவிலிருந்து தோண்டி, கடைசியில்தான் கோட்டுக்கு வர வேண்டும். துண்டின் அடி ஓரத்தைச் சற்றே உள்வாங்கி ராவினால் குழியில் இறுக்கமாக உட்காரும். மேலே தாள் கனம் துருத்தி நிற்கட்டும். பசை காய்ந்த பிறகு இழைத்துக்கொள்ளலாம். குழியின் அடி சமமாக இல்லாவிட்டால், விரலால் தட்டும்போது பொள்ளென்று கேட்கும். அந்தத் துண்டு நிலைக்காது.

3. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஐப்பசி ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், சித்திரையில் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. ஆகவே பதிக்கும் மரத்தின் நார் அடிமரத்தின் நாரோடு போகட்டும். பித்தளைப் பட்டை மரத்தோடு சேர்ந்து அசையாது. நாருக்குக் குறுக்கே நீளமாகப் பதித்தால் கிளம்பிவிடும்.

4. பழைய சாமானுக்கு வஜ்ரப் பசைதான். சூடும் ஈரமும் பட்டால் இளகும் என்பதால், நாளை இன்னொருவர் உடைக்காமல் பிரிக்கலாம்.

5. வீணையில் கவனம். குடத்தின் மேல்பலகைதான் அதிர்கிறது. அங்கே ஆழமாகத் தோண்டினால் நாதம் செத்துப்போகும். வேலைப்பாட்டை ஓரத்திலும் தண்டியிலும் காட்டுங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில்கூட இன்று தந்தம் கிடையாது, பிளாஸ்டிக் தகட்டில் கோடு கீறி வண்ணம் ஏற்றுகிறார்கள். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. சீராகக் கீறிய பிளாஸ்டிக், அலங்கோலமாக வெட்டிய தந்தத்தைவிட மேல் என்பது என் கட்சி. ஸ்ரீரங்கம் கோயில் அத்யயன உற்சவத்தில் அரங்கன் முன் வீணை வாசிக்கும் வீணை ஏகாந்தம் நடக்கும்போது, பதித்தது தந்தமா பிளாஸ்டிக்கா என்று யார் பார்க்கிறார்கள்?

6. தந்தம் வாங்காதீர்கள், விற்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-லும் 1991-லும் வந்த திருத்தங்கள் அந்த வியாபாரத்தை மூடிவிட்டன. ‘தானாக உதிர்ந்த மான் கொம்பு’ என்று கொண்டுவந்தாலும் கை நீட்ட வேண்டாம். மாட்டெலும்புக்குத் தடை இல்லை. ஆனால் பூஜை அறைப் பெட்டி என்றால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

7. தந்த வேலையைக் கண்ணால் கற்க, ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்கள் இருக்கின்றன. துணி மடிப்பை எவ்வளவு குறைந்த ஆழத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

8. கூலியைப் பூக்கணக்கில் பேசாதீர்கள், நாள் கணக்கில் பேசுங்கள். பூக்கணக்கில் பேசியவன் கடைசிப் பூவை அவசரத்தில்தான் பதிப்பான்.