கணினிச் செயலியின் வெப்பமும் அதனைத் தணிக்கும் முறையும்

கணினியைத் தம் கையாலேயே பூட்டி அமைக்கும் வழக்கம் நம் மாணவரிடையே பரவியுள்ளது. அங்ஙனம் அமைப்பவருட் சிலர், செயலியை அதனைச் செய்தோர் குறித்த வேகத்தினும் மிகுத்து ஓட்ட விழைகின்றனர். இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த செலரான் 300ஏ என்னும் செயலியை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி ஓட்டியவர் பலர். இவ்விருப்பம் குற்றமுடையதன்று. ஆயினும் வேகத்தோடு வெப்பமும் உடன் மிகுமாதலின், அதன் காரணத்தை ஆராய்ந்து காணும் முறையை ஈண்டுச் சுருங்க உரைக்கக் கருதுகின்றோம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் வாங்கிய கருவி வீணாகாதிருத்தல் வேண்டுமன்றோ?

செயலி கொள்ளும் மின்திறன் அதன் வேகத்திற்கு நேர் விகிதமாகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதமாகவும் பெருகும். வேகத்தை 10 விழுக்காடு கூட்டி, அவ்வேகத்தில் தடுமாறாதிருக்க மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்டினால், மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு மிகும். அது முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும்.

வெப்பத்தை நாம் அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றோம். தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்து 1979-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தில், நீராவியின் வெப்பத்தைக் கடல்நீர் ஏற்றுச் செல்லுமாறு அமைத்ததும் இதுபற்றியே. கணினியிலோ வெப்பம் செயலியினின்று தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட்சிங்கை அடைந்து, விசிறியால் பெட்டிக்குள் உள்ள காற்றிற் கலந்து, முடிவில் அறைக்காற்றைச் சேரும். இவ்வழியில் எவ்விடத்தே தடை நேர்ந்துளது என்று காண்பதே நோயறிதலாம்.

அறையின் வெப்பத்தை முதற்கண் கருதுக. குளிர்நாட்டார் ஒருவர் 22 டிகிரி செல்சியஸ் உள்ள அறையிற் சோதித்து, செயலி 82 டிகிரி காட்டிற்று என எழுதின், அது அறையினும் 60 டிகிரி மிகுந்தது என்பதே பொருள். அதே கருவி, 36 டிகிரி உள்ள நம் கோடைகாலத்து அறையில் ஏறத்தாழ 96 காட்டும். இன்டெல் செயலிகள் பல 100 டிகிரியை எட்டும்போதும், ரைசன் 7000 வரிசையிற் பல 95 டிகிரியை எட்டும்போதும், தம்மைக் காக்கும்பொருட்டுத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் கூட்டினோம் என்று நாம் மகிழ்ந்திருக்க, வேகம் குறைந்தே வேலை நடைபெறுதலும் உண்டு. ஆதலின் பிறர் கண்ட அளவை அவ்வாறே நமக்கும் கொள்ளலாகாது.

இனிச் சோதிக்கும் முறை: பயாஸில் அமைப்புக்கள் யாவற்றையும் தொடக்க நிலைக்கு மீட்டு, ஒரே வகையான பாரமான வேலையைக் கொடுத்து வெப்பத்தை அளந்து, அறை வெப்பத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்க. அந்நிலையிலேயே வெப்பம் அளவிறந்து ஏறுமாயின், பிழை ஓவர்கிளாக்கிங்கில் இல்லை. வெப்பம் செல்லும் வழியில் உளது.

வேலை தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பம் மேலே பாய, ஹீட்சிங்கோ குளிர்ந்திருப்பின், இரண்டிற்கும் இடையே தொடர்பு சரியில்லை என்று துணியலாம். தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருத்தல், திருகுகள் ஒருபுறம் தளர்ந்திருத்தல், அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை நீக்க மறந்திருத்தல் ஆகியவை இதற்குக் காரணங்கள். வெப்பம் பல நிமிடங்களில் மெல்ல ஏறுமாயின், பெட்டியின் காற்றோட்டத்தை ஐயுறுக. பக்கக் கதவைத் திறந்தவுடன் சில டிகிரி குறையுமாயின், அவ்வையம் உறுதியாம்.

கடற்கரை ஊரினர்க்குச் சிறப்பாக ஒன்று கூறுவோம். உப்புக் காற்றும் தூசியும் ஈரமும் கூடி ஹீட்சிங்கின் தகடுகளிடையே படிந்து காற்றை மறிப்பதோடு, உலோகத்தையும் அரிக்கும். மின்னிணைப்பை முற்றும் நீக்கி, விசிறி சுழலாவண்ணம் பிடித்துக்கொண்டு, உலர்ந்த காற்றால் ஊதித் துடைத்தல் நன்று. நீர் தெளித்துக் குளிர்விக்கும் ஏர்கூலரைக் கணினியின் முன் வைப்பது, ஈரத்தை மிகுவித்து அரிப்பிற்கு இடங்கொடுக்கும்.

வழி சீராயிருந்தும் வெப்பம் தணியாவிடின், மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சோதிக்க. மதர்போர்டு தானாகக் கொடுக்கும் அழுத்தம் பெரும்பாலும் தேவையினும் மிகுதியாயிருக்கும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில மிகையான மின்னழுத்தத்தாற் பழுதுற்றமை 2024-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதனைத் தடுக்கும் திருத்தத்தை அந்நிறுவனம் பயாஸ் வழியாக வழங்கியது. ஆயினும் முன்னரே பழுதுற்ற செயலியை அத்திருத்தம் மீட்கவில்லை. எனவே பயாஸைப் புதுப்பித்தலும், ஒரு வேளையில் ஒரே மாற்றம் செய்து பயனைக் குறித்துக்கொள்ளுதலும் இன்றியமையாதன. பல மாற்றங்களை ஒருங்கே செய்தவன் எதனாற் குணமாயிற்று என்று அறியான்.

இக்கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அக்காலத்தில் குளிப்பவன் கயிற்றை அசைத்தவுடன், தோணியில் இருந்தவன் அவனை மேலே இழுப்பான்; இன்னும் இரண்டு சிப்பி எடுக்கட்டும் என்று காத்திரான். வெப்பமானி காட்டும் எண் செயலி அசைக்கும் கயிறே. அதனை உடனே மதித்து, வேகத்தில் ஒரு படி இறங்கி வருபவனுக்கே அக்கருவி நெடுநாள் உழைக்கும் என்று கூறி அமைகின்றோம்.