நாலு கண் பார்த்த புரோகிராம்
(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை)



லேபில் நாம் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தால் ஸ்கிரீனை மறைப்போம். அவுட்புட் வந்த பிறகுதான் வாயைத் திறப்போம். ஆனால் பல மென்பொருள் நிறுவனங்களில் அவுட்புட் சரியாக வந்த புரோகிராமையும் இன்னொருவர் வரிவரியாகப் படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் சேர்க்கிறார்கள். இதற்குக் கோட் ரிவியூ என்று பெயர்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த மைக்கேல் ஃபேகன் இதற்கு ஒரு முறை வகுத்து 1976-ல் கட்டுரையாக வெளியிட்டார். நால்வர் குழு: நடத்துபவர், டிசைன் செய்தவர், கோட் எழுதியவர், டெஸ்ட் செய்பவர். ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். அங்கே தவறைக் கண்டுபிடிப்பதோடு சரி. திருத்துவது எழுதியவர் வேலை. கிடைத்த தவறுகளை வைத்து எழுதியவரின் திறமையை எடை போடவும் கூடாது. போட்டால் அப்புறம் யார் காட்டுவார்கள்?

எங்க அப்பா கொத்தனார். அவர் எழுப்பிய சுவரில் மேஸ்திரி வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். அப்பா முகம் கோணியதே இல்லை. சுவரைப் பார்க்கிறார், என்னையா பார்க்கிறார் என்பார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒருத்தர் என் புரோகிராமில் குறை சொன்னால், நீ இங்கே வந்ததே தப்பு என்று சொல்வது போல் எனக்குக் கேட்கும். உங்களில் பலருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று தெரியும்.

இப்போது ஒரு நிஜச் சம்பவம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் ஒரு ஓட்டையை அடைத்தது. நாம் படிக்கும் அதே சி மொழிதான். பிராக்கெட் போடாத ஒரு 'இஃப்', அதன் கீழே 'கோடூ ஃபெயில்' என்ற வரி இரண்டு தடவை. முதல் வரிதான் இஃப்-ஐச் சேர்ந்தது. இரண்டாவது எப்போதும் ஓடும். அதற்குக் கீழே இருந்த கையெழுத்துச் சோதனையைத் தாண்டிவிடும். எரர் எண் பூஜ்யமாகவே இருப்பதால் 'எல்லாம் சரி' என்று பதில் போகும். கம்பைல் ஆனது, ஓடியது. நிதானமாகப் படிக்கும் ஒருவர் கண்ணில் பட்டிருக்க வேண்டிய வரி அது!

ரிவியூ ஒன்றும் மந்திரம் அல்ல. அதே 2014-ல் உலகத்தையே கலக்கிய ஹார்ட்பிளீட் பிழை, இன்னொருவர் பார்த்துச் சேர்த்த கோடில்தான் இருந்தது. வந்த தகவலின் நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டதை இருவருமே கவனிக்கவில்லை. மேலோட்டமாகப் புரட்டுவது ரிவியூ ஆகாது.

நம்ம பிராஜெக்ட் பேட்சிலும் நாலு பேர்தானே? கடைசி வாரத்தில் மொத்தமாகக் கொட்டாமல், ஒரு ஃபங்ஷன் முடிந்ததும் காட்டுங்கள். பார்ப்பவர் "நீ தப்பு பண்ணிட்டே" என்று சொல்ல வேண்டாம். "இந்த லூப் பூஜ்யம் வந்தா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். நன்றாக எழுதப்பட்ட வரியையும் சொல்லுங்கள். அப்படித்தான் நான் பாயிண்டர் கற்றேன், வகுப்பில் அல்ல. இன்னொரு லாபம்: வைவாவில் எக்ஸ்டர்னல் எந்த மாட்யூலைக் கேட்டாலும் நாலு பேருக்கும் பதில் தெரிந்திருக்கும்.