வெளிச்சம் வேறு, வெளுப்பு வேறு



மூன்று ஆண்டுகளுக்கு முன் பொங்கலன்று, எலப்புள்ளியில் எங்கள் வீட்டு வாசற்படியில் பேத்தி கரும்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே இருந்தபடி என் மனைவி படம் எடுத்தாள். குழந்தைக்குப் பின்னால் முற்றத்தில் சுள்ளென்ற வெயில். படத்தில் முகம் வெறும் நிழலாகிவிட்டது. இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். அடுத்த மாதமே மனைவி காலமானாள். அவள் எடுத்த கடைசிப் படம் அதுதான்.

கடையில் கொடுத்துத் திருத்தினோம். வந்த படத்தைப் பார்த்து, "தாத்தா, இது யாரு?" என்றாள் பேத்தி. அவள் மாநிறம், படத்தில் இருந்ததோ பவுடர் அப்பிய வேறு யாரோ. அதன் பிறகுதான் ஜிம்ப் என்னும் இலவச மென்பொருளை நானே கற்றேன். கற்றதை இங்கே சொல்கிறேன்.

முகம் ஏன் இருண்டது? கேமரா படம் முழுவதையும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெயில் அதிகமானால் மொத்த ஒளியையும் குறைத்துவிடும். முன்னால் நிற்பவர் இருளில் மாட்டிக்கொள்வார்.

சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை எண் உண்டு. 0 கறுப்பு, 255 வெள்ளை. எல்லாப் புள்ளிக்கும் 60-ஐக் கூட்டினால் கறுப்பும் 60 ஆகிச் சாம்பல் பூத்துவிடும். 'ஸ்க்ரீன்' முறையோ 0-ஐ 0-ஆகவே வைத்து, 40-ஐ 74 ஆக்கும். 200-ஐ 243 ஆக்கும். கூந்தலின் கறுமை கெடாமல் கன்னம் தெளியும்.

செய்முறை இதுதான்:

1. மூலப்படத்தைத் தொடாதீர்கள். பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள்.

2. லேயரை இரட்டித்து, மேல் லேயரை 'ஸ்க்ரீன்' முறைக்கு மாற்றுங்கள்.

3. அதற்குக் கறுப்பு மாஸ்க் போடுங்கள். மென்மையான தூரிகையில் வெள்ளை எடுத்து, மாஸ்க்கில் முகமும் கைகளும் உள்ள இடத்தில் மட்டும் தீட்டுங்கள். தண்டவாளம் ஓரிடத்தில் தாழ்ந்தால் பாதை முழுவதையும் நாங்கள் தூக்குவதில்லை. அந்த இடத்து ஸ்லீப்பருக்கு அடியில்தான் ஜல்லியைக் கெட்டிப்போம். அதே கணக்குத்தான் இங்கும்.

4. போதாவிட்டால் அந்த லேயரை இன்னொரு முறை இரட்டியுங்கள். மணல் தூவியது போலப் புள்ளிகள் கிளம்பினால் அங்கே நிறுத்துங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் அந்தப் புள்ளிகள் அவ்வளவாகக் கண்ணை உறுத்தா.

கணிப்பொறிக்குள் ஸ்கேன் செய்யப்பட்ட முதல் புகைப்படமும் ஒரு குழந்தையின் படமே. 1957-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் மூன்று மாத மகனின் படத்தை 176-க்கு 176 புள்ளிகளாக ஏற்றினார். இயந்திரத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். எனவே வெவ்வேறு ஒளி அளவுகளில் பலமுறை ஸ்கேன் செய்து ஒன்றுசேர்த்தார்கள். அப்போதுதான் சாம்பல் நிறங்கள் கிடைத்தன. ஒரே அளவு ஒரு முகம் முழுவதற்கும் போதாது என்பது அன்றே தெரிந்த பாடம்.

இனி முக்கியமான சங்கதி. வண்ண ஃபிலிம் காலத்தில் அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் கொடுத்த 'ஷெர்லி' அட்டையில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அது நன்றாக வந்தால் போதும் என்று வைத்தார்கள். கறுத்த முகங்கள் அடையாளமிழந்தன. நாமும் "கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள்" என்று கேட்டு, நம் பிள்ளைகளுக்கு அதையே செய்கிறோம்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. அதே குழந்தையை அன்று நிழலில் எடுத்த நல்ல படம் ஒன்றைத் தேடுங்கள். கன்னத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய படத்தில் அதே இடத்து எண்கள் அவற்றை நெருங்கியதும் கையை எடுத்துவிடுங்கள்.

நான் திருத்திய படத்தைப் பேத்தியிடம் காட்டினேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, "நான்தான். பாட்டி என்னைச் சிரிக்கச் சொன்னாங்க" என்றாள்.

உங்கள் வீட்டுப் படத்தைத் திருத்தி முடித்ததும் நீங்களும் குழந்தையிடமே காட்டுங்கள். அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.