ஊர்நலமும் உடல்நலமும்

நுழையும்முன்

நோயுற்ற ஒருவரைக் குணப்படுத்துவது மருத்துவம். ஊரே நோயுறாமல் காப்பது பொதுச் சுகாதாரம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற பின்னர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவராகும் வழி ஒன்று உண்டு. அவ்வழியின் நீளத்தையும் பயனையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊரைக் காணும் கண்

1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா பரவியது. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், இறந்தோரின் வீடுகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார். அவற்றுள் பெரும்பாலானவை பிராட் தெருவிலிருந்த ஒரு நீரேற்றுக் குழாயைச் சுற்றியே அமைந்திருந்தன. அவருடைய வேண்டுகோளின்படி அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. நோயாளியின் உடலில் மட்டுமன்றி, அவர் வாழும் தெருவிலும் நோயின் காரணத்தைத் தேட வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இப்பார்வையைப் பயிற்றுவிப்பதே பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு. நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், சுற்றுச்சூழல் நலம், நலக் கொள்கை முதலியன அதன் பாடங்கள். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் நிறைவுறும் இப்படிப்பு, ஒரு மாவட்டத்தில் எத்தனை பேருக்கு நீரிழிவு உள்ளது, ஏன் உள்ளது என்று ஆராயக் கற்றுத்தருகிறது. ஆயினும் அவர்களுள் ஒருவருக்கேனும் மருந்து எழுதித்தரும் உரிமையை இப்பட்டம் தருவதில்லை. எண்களின் பின்னே இருக்கும் மனிதரைத் தாமே தொட்டுக் குணப்படுத்த விரும்புவோர், மீண்டும் மாணவராகி மருத்துவக் கல்லூரியை நாடுகின்றனர்.

மிசௌரியில் தோன்றிய மருத்துவம்

அமெரிக்காவில் முழுமையான மருத்துவர்களாகப் பணியாற்ற இருவகைப் பட்டங்கள் உள்ளன. ஒன்று எம்.டி.; மற்றொன்று ஆஸ்டியோபதி மருத்துவத்திற்குரிய டி.ஓ. பின்னதைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1828 - 1917). மருத்துவராக இருந்தும், 1864ஆம் ஆண்டு தம் பிள்ளைகள் மூவரை மூளையுறை அழற்சி நோய்க்குப் பறிகொடுத்தார். அக்காலத்தில் பாதரசம் கலந்த மருந்துகளும் குருதி வடித்தலும் வழக்கில் இருந்தன. அம்மருத்துவத்தின் மீது நம்பிக்கை இழந்த ஸ்டில், உடலின் அமைப்பும் இயக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்றும், தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றல் உடலுக்கு உண்டு என்றும் கருதினார். 1892ஆம் ஆண்டு மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரியை நிறுவினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் சேர்க்கப்பட்டனர்.

எலும்புகளின் நிலைமாற்றமே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்ற ஸ்டிலின் கருத்தைப் பின்வந்த அறிவியல் ஏற்கவில்லை. ஆஸ்டியோபதிக் கல்லூரிகளும் மருந்தியல், அறுவை மருத்துவம் ஆகியவற்றை ஏற்றுத் தம்மைத் திருத்திக்கொண்டன. எனினும், உடலை முழுமையாக நோக்கும் பண்பையும், தசைகளையும் மூட்டுகளையும் கைகளால் அசைத்தும் அழுத்தியும் செய்யும் சிகிச்சையையும் அவை விடாது காத்துவருகின்றன. இக்கைவழிச் சிகிச்சைக்கென ஏறத்தாழ 200 மணிநேரப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

ஏற்பும் மறுப்பும்

இத்துறை எளிதில் ஏற்கப்படவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது டி.ஓ. மருத்துவர்கள் இராணுவ மருத்துவ அலுவலர்களாகச் சேர்க்கப்படவில்லை. ஏனைய மருத்துவர்கள் போர்க்களம் சென்றுவிட, ஊரில் இருந்த மக்கள் பலர் இவர்களை நாடினர். மறுக்கப்பட்டோர் மக்களின் நம்பிக்கையைப் பெற்றனர். 1962ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஏறத்தாழ 2,000 டி.ஓ. மருத்துவர்கள், 65 டாலர் செலுத்தித் தம் பட்டத்தை எம்.டி. என மாற்றிக்கொண்டனர். 1966ஆம் ஆண்டு இராணுவத்தின் கதவு திறந்தது. 1973ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலமும் இசைந்தபோது, நாடு முழுவதும் முழு மருத்துவ உரிமை கிடைத்தது. 2020ஆம் ஆண்டு முதல் இருவகைப் பட்டதாரிகளுக்கும் உறைவிட மருத்துவர் பயிற்சிக்கு ஒரே ஏற்பளிப்பு முறை நடைமுறையில் உள்ளது. இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களுள் நால்வரில் ஒருவர் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் பயில்கிறார்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்ற மருத்துவர். பிரிட்டன் முதலிய நாடுகளில் ஆஸ்டியோபாத் எனப்படுவோர் கைவழிச் சிகிச்சை மட்டுமே அளிப்போர். பெயர் ஒன்றாயினும் பணி வேறு.

முதுகலைக்குப் பின்

பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம் மருத்துவக் கல்லூரிக்குக் குறுக்குவழி அன்று. உயிரியல், வேதியியல், இயற்பியல் முதலிய அடிப்படைப் பாடங்களை ஆய்வகப் பயிற்சியுடன் முன்னரே முடித்திருத்தல் வேண்டும். எம்கேட் என்னும் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பத்தில் இளநிலை மதிப்பெண்ணும் முதுகலை மதிப்பெண்ணும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. ஆகவே, முன்னதில் நேர்ந்த குறையைப் பின்னது முற்றிலும் மறைத்துவிடாது. இவற்றை அறியாது முதுகலையில் சேர்வோர், பொருளையும் காலத்தையும் இழந்து வருந்த நேரும்.

காலக்கணக்கும் எண்ணத்தக்கது. இளநிலைக் கல்வி 4 ஆண்டுகள், முதுகலை 2 ஆண்டுகள், மருத்துவக் கல்வி 4 ஆண்டுகள், குடும்ப மருத்துவமாயின் உறைவிடப் பயிற்சி 3 ஆண்டுகள் என மொத்தம் 13 ஆண்டுகள் ஆகின்றன. கல்விக்கடனும் பெருகுகிறது. மருத்துவர் குறைவாக உள்ள பகுதிகளில் பணியாற்ற உறுதியளிக்கும் மாணவர் சிலருக்கு, தேசிய சுகாதாரப் பணிப்படை கல்விக் கட்டணத்தை ஏற்கிறது. பொதுச் சுகாதாரம் கற்றோரின் நோக்கத்திற்கு இத்தகைய பணி மிகவும் ஏற்றது.

நேர்வழியில் வாராதோரும் உயர்ந்துள்ளனர் என்பதற்குப் பார்பரா ராஸ்-லீ சான்றாவார். கற்பித்தலில் முதுகலைப் பட்டம் பெற்ற பின்னரே அவர் ஆஸ்டியோபதி மருத்துவம் பயின்றார். 1993ஆம் ஆண்டு ஒகையோ பல்கலைக்கழக ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியின் தலைவரானார். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் தலைமையை ஏற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி அவரே.

ஃபிளின்ட் தந்த பாடம்

இருவகைக் கல்வியும் ஒருவரிடம் சேர்ந்தால் விளையும் பயனை மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் காட்டியது. 2014ஆம் ஆண்டு அந்நகரின் குடிநீர் ஆதாரம் ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. அந்நீருக்குக் குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாமையால், பழைய குழாய்களிலிருந்த ஈயம் நீரில் கலந்தது. எம்.டி. பட்டத்துடன் பொதுச் சுகாதார முதுகலைப் பட்டமும் பெற்ற குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, தம் மருத்துவமனையின் குருதிச் சோதனைப் பதிவுகளை ஆராய்ந்தார். ஈய அளவு மிகுந்திருந்த, 5 வயதிற்குட்பட்ட குழந்தைகளின் விழுக்காடு 2.4இலிருந்து 4.9ஆக உயர்ந்திருந்தது. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் இதனை வெளியிட்டபோது அலுவலர்கள் மறுத்தனர். பின்னர் உண்மையை ஏற்றனர். அக்டோபரில் பழைய நீர் ஆதாரம் மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது.

தாய்மார்களின் அச்சத்தை நேரில் கேட்க மருத்துவர் தேவைப்பட்டார். அவ்வச்சத்தை மறுக்க இயலாத சான்றாக்கப் புள்ளியியல் தேவைப்பட்டது. பட்டத்தின் பெயர் எம்.டி. ஆயினும் டி.ஓ. ஆயினும் இவ்வுண்மை மாறுவதில்லை. முதுகலைக்குப் பின் மருத்துவம் பயில்வோர் செலவிடும் ஆண்டுகளின் மதிப்பு, பெயருக்குப் பின் சேரும் எழுத்துகளில் இல்லை. நோயாளியின் நாடியைப் பற்றும்போதே, அவர் குடிக்கும் நீரையும் வாழும் தெருவையும் எண்ணிப் பார்க்கும் மனத்தில்தான் உள்ளது.

மதிப்பீடு

குறுவினா

1. ஸ்டில் தம் காலத்து மருத்துவத்தின் மீது நம்பிக்கை இழந்தமைக்குக் காரணம் யாது?
2. டி.ஓ. மருத்துவரும் ஆஸ்டியோபாத்தும் எவ்வாறு வேறுபடுகின்றனர்?

சிறுவினா

1. பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம் மருத்துவக் கல்விக்குக் குறுக்குவழி அன்று என்பதை விளக்குக.

நெடுவினா

1. ஊரை அறிந்த மருத்துவரே ஒருவரையும் முழுமையாக அறிவார் - ஃபிளின்ட் நகர நிகழ்வைக் கொண்டு நிறுவுக.