மடக்குக் கரண்டியை வாங்கும் முன்

தாராசுரம், கும்பகோணம் பக்கம் பழைய சாமான் வாங்கப் போகிறீர்கள். கைப்பிடியில் சாமி உருவமும் கொடியுமாக வேலைப்பாடு செய்த, மடக்கி வைக்கும் கரண்டியும் முள்கரண்டியும் கண்ணில் படுகின்றன. ‘சரபோஜி மகாராஜா காலத்து வெள்ளி’ என்கிறார் விற்பவர். வெள்ளியா, பழசா, கதை நிஜமா? மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். வெள்ளி என்று தெரிந்ததும் மற்ற இரண்டையும் சேர்த்து நம்பிவிடுவதில்தான் பணம் போகிறது.

1. துலக்காதீர்கள். புளியும் விபூதியும் சாட்சியை அழித்துவிடும். பள்ளத்தில் கறுப்பும் மேட்டில் தேய்மானமும் இருந்தால் புழங்கிய சாமான். எங்கும் ஒரே கறுப்பு என்றால் மருந்தில் முக்கியிருக்கலாம்.

2. பூதக்கண்ணாடியில் கீலைப் பாருங்கள். பலகாலம் மடக்கி விரித்திருந்தால் ஆணியைச் சுற்றித் தேய்ந்திருக்கும். தேய்ந்த இடத்தில் மஞ்சளோ செம்போ தெரிந்தால் அது முலாம்.

3. முத்திரையைத் தேடுங்கள். வெள்ளைக்காரர் காலத்து இந்தியாவில் வெள்ளிக்குக் கட்டாய அரசு முத்திரை கிடையாது. இல்லையென்பதால் மட்டும் போலி ஆகிவிடாது. சாமி உருவ வெள்ளிச் சாமான்களுக்குப் பேர்போன மதராஸ் பி. ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தன் பெயரைப் பொறித்தது. வெறும் ‘925’ என்றிருந்தால் அண்மைச் சரக்காக இருக்கலாம். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர் உலோகத்தின் மேல் வெள்ளி மின்முலாம். இங்கிலாந்தின் எல்கிங்டன் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது 1840இல். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி மறைந்தது 1832இல். அரண்மனைக் கதை அங்கேயே உடைகிறது.

4. காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். இரும்பைக் காட்டிக்கொடுக்கும்; ஜெர்மன் சில்வரும் வெள்ளியைப் போலவே ஒட்டாது.

5. தண்ணீரில் நிறுங்கள். முதலில் சாமானின் எடையைக் குறியுங்கள். பிறகு டிஜிட்டல் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, பூஜ்ஜியமாக்கி, சாமானை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்க முக்குங்கள். கீலில் காற்றுக் குமிழி தங்கக் கூடாது. முதல் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுங்கள். 52 கிராம் சாமானுக்கு 5 காட்டினால் விடை 10.4, நல்ல வெள்ளிக்கு ஒத்த கணக்கு. 6 காட்டினால் 8.7; ஜெர்மன் சில்வராக இருக்கலாம். கைப்பிடி உள்ளீடற்றதாக இருந்தாலும், முள் இரும்பாக இருந்தாலும் கணக்கு தவறும்.

6. கடைசியாகப் பத்தரின் உரைகல்லுக்கோ ஹால்மார்க் மையத்தின் எக்ஸ்ரே கருவிக்கோ கொண்டுபோங்கள். கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும். தடித்த முலாம் ஏமாற்றும். தேய்ந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

7. நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. சிங்கப்பூர் உறவினருக்குப் பரிசாகத் தர நினைப்பவர்கள் முன்பே யோசியுங்கள்.

விலை பேசும்போது காலத்தையும் அரண்மனையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வெள்ளி எடைக்கும் வேலைப்பாட்டுக்கும் மட்டும் காசு கொடுங்கள்.