நகைப்பினுள் மறைந்த வலி

துன்பத்தைச் சிரிப்பின் வழியே உணர்த்தும் நாடகம் அவல நகைச்சுவை நாடகம் எனப்படும். அமெரிக்க நாடக ஆசிரியர் எட்வர்டு ஆல்பி (1928–2016) எழுதிய ‘வர்ஜீனியா உல்ஃபைக் கண்டு யாருக்குப் பயம்?’ இவ்வகையில் புகழ்பெற்றது. 1962இல் நியூயார்க்கில் முதன்முதலாக அரங்கேறிய இந்நாடகம் மூன்று அங்கங்களை உடையது. ஒரே வீட்டில், ஒரே இரவில் நிகழ்வது.

வரலாற்றுப் பேராசிரியர் ஜார்ஜும் அவர்தம் மனைவி மார்த்தாவும் நள்ளிரவு கடந்து வந்த இளந்தம்பதியர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏளனம் செய்கின்றனர். அச்சொற்போர் அவையோருக்கு நகைப்பூட்டினும், ஒவ்வொரு சொல்லும் ஒரு காயத்தை மறைத்து நிற்கிறது.

குழந்தைப்பேறற்ற அவ்விருவரும் தமக்கொரு மகன் இருப்பதாகக் கற்பனை செய்து, அதனைப் பிறரறியாமல் பேணி வந்தவர்கள். மார்த்தா அதனை விருந்தினரிடம் வெளியிட்டுவிடுகிறாள். விடியுமுன், அம்மகன் இறந்துவிட்டதாக ஜார்ஜ் அறிவிக்கிறார். இல்லாத பிள்ளைக்காக மார்த்தா கதறும்போது நகைச்சுவை முற்றிலும் விலகி, அவலம் மட்டுமே எஞ்சுகிறது.

விருந்தினர் சென்றபின், அஞ்சி அமர்ந்திருக்கும் மனைவியின் தோளில் ஜார்ஜ் மெல்லக் கைவைக்கிறார், திரை வீழ்கிறது. பொய்யின் துணையின்றி இனி அவர்கள் வாழ்வார்களா? அவ்வினாவை ஆல்பி காண்போரிடமே விட்டுவிடுகிறார்.